மறு: பொம்மை பெயின்ட்டிங்ல 'வாஷ்'னு சொல்றாங்களே, அதுக்குத் தமிழ்ல என்ன?

> கழுவல், நீர்க்கழுவல், மென்பூச்சு. இந்த மூணுல எதை வெச்சுக்கலாம்?

மூணுமே வேணாம்ங்க. கோவிச்சுக்காதீங்க, நான் ஆறு இன்ச் ஆக்‌ஷன் ஃபிகரை வாங்கி தலைய மாத்தி கைய மாத்தி பெயின்ட் அடிச்சு கஸ்டம் பண்றவன், அந்த மேஜையில உக்காந்து பாத்தாத்தான் 'கழுவல்' எங்க இடிக்குதுன்னு தெரியும். நாங்க பொம்மைய நெஜமாவே கழுவுறோம். அச்சுலருந்து ஈசியா கழண்டு வர தடவுற எண்ணெய்ப் பசை மேல ஒட்டிட்டு இருக்கும், அது போகலைன்னா பெயின்ட் நகம் பட்டாலே உரிஞ்சு வந்துரும், அதனால பாத்திரம் வெளக்குற சோப்பு போட்டு பழைய டூத் பிரஷ்ல தேச்சு அலசி காய வெக்கிறதுதான் மொத வேலையே. அப்புறம் பாதி வேலை முடிஞ்சப்புறம் இன்னொரு 'கழுவல்' வருதுன்னா புதுசா படிக்கிற பையன் என்ன பண்ணுவான், அடிச்ச பெயின்ட்டோட கொண்டுபோய் குழாய்ல காட்டிட்டு வருவான்.

மென்பூச்சும் சரிப்படாது. நாங்க அடிக்கிறது எல்லாமே மென்பூச்சுதானே, அக்ரிலிக்கை பால் பதத்துக்கு தண்ணி விட்டு ரெண்டு மூணு தடவை காயவிட்டுக் காயவிட்டு அடிக்கணும், கெட்டியா ஒரே அடியா அப்பிட்டா கண் ரெப்பை உதட்டுக்கோடு எல்லாம் மூடி மூஞ்சி மொழுக்குனு ஆயிரும்.

வாஷ்ல என்ன நடக்குதுன்னு பாருங்க. சங்கிலிக் கவசம் போட்ட ஒரு வீரன்னு வெச்சுக்கோங்க. மொத்தமா சில்வர் அடிச்சாச்சு, பாத்தா அலுமினிய ஃபாயில் சுத்துன மாதிரி தட்டையா இருக்கான். இப்ப ரொம்ப தண்ணியா இருக்கிற கருப்பை மேல ஓட விடுறோம், அது மேட்டுல நிக்காம ஒவ்வொரு வளையத்துக்கு நடுவுலயும் போய் உக்காந்துக்குது, மேல மிச்சம் இருக்கிறதை காய்றதுக்குள்ள காது குடையுற பட்ஸால ஒத்தி எடுத்தா வளையம் ஒண்ணொண்ணும் தனியா எந்திரிச்சு நிக்குது. சிடாடெல்னு பொம்மை பெயின்ட் கம்பெனி இருக்கு, அவங்களோட நல்ன் ஆயில்ங்கிற கருப்பு வாஷ் பாட்டிலை 'திரவ வடிவத்துல திறமை'ன்னு கிண்டலா சொல்றது இதனாலதான், கை வராதவன் அடிச்சாலும் பாக்கிற மாதிரி ஆக்கிடும். ஆனா குட்டையா தேங்க விட்டா போச்சு, டீ கிளாஸ் வெச்ச எடம் மாதிரி வட்டமா கறை நிக்கும்.

சரி பேருக்கு வரேன். ஜப்பான்ல கன்டம் ரோபோ கிட் கட்டுறவங்க பேனல் கோட்டுக்குள்ள, அதாவது ரோபோ உடம்புத் தகடுகளுக்கு நடுவுல இருக்கிற பள்ளக் கோட்டுக்குள்ள, கருப்பு விடுறதை 'சுமி இரே'ன்னு சொல்றாங்க. சுமின்னா மை, இரேன்னா உள்ள விடுறது. இதைப் படிச்சப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு, நம்ம ஆளுங்க பண்ணாத வேலையா இது? பனை ஓலையில எழுத்தாணியால கீறுனா எழுத்து சரியா கண்ணுக்கே தெரியாது, ஓலையும் கீறலும் ஒரே நிறம். கரியோட கோவை இலைச் சாறு, ஊமத்தை இலைச் சாறு மாதிரி எதையாவது சேத்து ஏடு முழுக்கத் தடவிட்டு துணியால தொடைப்பாங்க. மேல இருக்கிறது போயிரும், கீறல்ல இறங்குனது நிக்கும், எழுத்து பளிச்னு வரும். அதுக்குப் பேரு மையாடல். புதுசா ஒண்ணும் உண்டாக்க வேணாம், பரண்ல இருக்கிறதை எறக்குனா போதும்.

இதுல இன்னொண்ணு. ஓலை வழவழப்பா இருக்கிறதாலதான் மேல இருக்கிற கரி தொடைச்சா போகுது. எங்களுக்கும் அதே கதைதான், மேட், அதாவது பளபளப்பு இல்லாத பரப்பு மேல வாஷ் விட்டா நிறத்தை அங்கங்க குடிச்சுட்டு அடுப்புல விழுந்து எந்திரிச்ச மாதிரி ஆயிரும், அதனால துடைச்சு எடுக்கணும்னா மொதல்ல பளபளப்பான கிளாஸ் (gloss) வார்னிஷ், அப்புறம் மையாடல், எல்லாம் முடிஞ்சு கடைசியா மேட் வார்னிஷ். வரிசை உள்பட பொருந்துது!

—

மறு: மறு:

தம்பி, மையாடல் நல்ல சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு ஐயம். மை என்றால் கருப்பு. நீங்கள் முகத்துக்குச் செம்பழுப்பு விடுவீர்களே, அதுவும் மையாடலா? அடுத்து, 'ஆடல்' என்றதும் இந்தத் தலைமுறைக்கு நடனம்தான் நினைவுக்கு வரும். முன்பு ஒருவர் சொன்ன 'இடுக்குமை' கேட்டதும் புரிகிறதே?

—

மறு: மறு: மறு:

ஐயா, மை கருப்புதான்னா அதிகாரிங்க பச்சை மையில கையெழுத்துப் போடுறாங்களே, அது என்ன? பழுப்பு மைன்னு சொல்லிட்டா முடிஞ்சுது.

ஆடலுக்கு நீங்களே எங்களுக்கு சொல்லிக் குடுத்திருக்கணும் :) நீராடல், மஞ்சள் நீராட்டு, இதுல யாரு டான்ஸ் ஆடுறா? ஆடுறதுன்னா குளிக்கிறதுன்னும் பொருள் இருக்குல்ல. பாத்தா வாஷ்ங்கிற சொல்லோட அர்த்தமும் தானா உள்ள வந்து உக்காந்துடுச்சு, நான் இதைத் தேடிக்கூட போகல.

இடுக்குமைய விட வேணாம், அது எனக்கும் பிடிச்சிருக்கு, ஆனா அது பொருளோட பேரு. பாட்டில்ல இருக்கிறது இடுக்குமை, அதை வெச்சு செய்யுற வேலை மையாடல். 'வீரனுக்கு மையாடியாச்சா?'ன்னு கேக்கலாம், 'இடுக்குமைத்தாச்சா'ன்னு கேக்க முடியாது பாருங்க.

வேலையையும் பொருளையும் பிரிச்சு வெக்கச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. இடுக்குமை அக்ரிலிக்கா இருக்கலாம், எனாமலா இருக்கலாம், ஆயிலா இருக்கலாம், எது எந்த பிளாஸ்டிக்குக்குன்னு தெரியாம போனா நஷ்டம். எனாமல் தின்னர் ஏபிஎஸ்ங்கிற கெட்டி பிளாஸ்டிக் மூட்டுக்குள்ள எறங்கினா இறுக்கமா இருக்கிற எடத்துல விரிசல் விட்டு உடைஞ்சுரும். வளையுற பிவிசி இன்னும் மோசம், அதை மெதுவாக்கறதுக்கு உள்ள கலந்திருக்கிற பொருள் மேல வந்து சில பெயின்ட்டைக் காயவே விடாது. நான் ஆரம்பத்துல ஹார்டுவேர் கடையில கெடச்ச ஏதோ ஒரு ஸ்ப்ரேய வாங்கி ஒரு தோல் அங்கி மேல அடிச்சுட்டு மூணு மாசம் கழிச்சு எடுத்துப் பாத்தா பலாச்சுளை மாதிரி பிசுபிசுன்னு விரல் ரேகை பதியுது, கடைசில அங்கியவே தூக்கிப் போட்டேன். அதனால சொல் பட்டியல்ல போடும்போது 'அக்ரிலிக் இடுக்குமை', 'எனாமல் இடுக்குமை'ன்னு பிரிச்சுப் போடுங்க, மையாடல் ஒண்ணே போதும்.

பிரைமருக்கு 'அடிப்பூச்சு'ன்னு வீட்டு பெயின்ட் பக்கம் ஏற்கெனவே இருக்கு, அதுல கை வெக்க வேணாம். டிரைபிரஷ்ஷுக்கு 'உலர்தூரிகை'ன்னு யாரோ எழுதியிருந்தாங்க, பிரஷ் ஒலந்திருக்கிறது முக்கியமே இல்லைங்க, பெயின்ட்டை துணியில தொடைச்சுட்டு மேட்டுல மட்டும் படுற மாதிரி உரசுறதுதான் விஷயம், மையாடலுக்கு நேரெதிர் வேலை அது. 'மேடுரசல்'னு எனக்குத் தோணுது, நாக்கு கொஞ்சம் மடங்குது. அதுக்கு தனி இழை (thread) போடுங்க, இதுலயே கலந்தா ரெண்டும் கெட்டுரும்.