காலம்பற லைவா பாத்த பாஸ்கட்பால், மறக்காத ஒரு சீன் சொல்லுங்க மக்கா

பொறவு யூடியூப்ல பாத்தது வேண்டாம், லைவா பாத்தது மட்டும். அமெரிக்காக்காரனுவளுக்கு ராத்திரின்னா நமக்கு காலம்பற, அதனால அந்த நேரம் வீட்டுல என்ன நடந்துதுன்னும் சேத்து சொல்லணும். நானே தொடங்குறேன்.

2013 ஜூன் 19, நமக்கு புதன்கிழமை. மியாமி ஹீட், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ், NBAன்னு சொல்லுற அமெரிக்க பாஸ்கட்பால் லீக்குக்க ஃபைனல்ஸ் ஆறாவது மேட்ச். ஸ்பர்ஸ் 3-2ன்னு முன்னால, இதயும் ஜெயிச்சா கப்பு. எனக்க வீடு குலசேகரம் பக்கம், அப்பா விடியுமுன்ன ரப்பர் வெட்டிட்டு வந்தாச்சு, ஒம்பது மணிவாக்குல சிரட்டைல உள்ள பால நான் போயி எடுக்கணும், வானம் வேற கருத்துட்டு வருது. 28 செகண்டு பாக்கி, 94-89ன்னு ஸ்பர்ஸ் முன்னால. கப்பு குடுக்க கோர்ட்ட சுத்தி மஞ்சக் கயிறு கொண்டு வந்தாச்சு, மேட்ச் பாக்க வந்த மியாமிக்காரனுவ கொஞ்சம்பேரு எந்திரிச்சு வீட்டுக்கே போயாச்சு (திரும்பி வந்தவனுவள உள்ள விடல்ல, அது வேற கத). அப்பா முற்றத்துல நிண்ணு "லேய், மழ வருது, பால் எல்லாம் வெள்ளமா போவும்"னு ஒரே சத்தம். பக்கெட்ட தூக்கிட்டு நடைக்கு வந்தேன், அப்பதான் மியாமிக்க லெப்ரான் ஒரு த்ரீ (தூரத்துல இருந்து அடிக்க மூணு பாயிண்ட் ஷாட்டு) போட்டாரு. ஒரு காலு உள்ள, ஒரு காலு வெளிய, அப்படியே நிக்கேன். ஸ்பர்ஸுக்க லெனர்டுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்கு குடுக்க, யாரும் தடுக்காத ஷாட்டு), ஒண்ண விட்டான், 95-92. லெப்ரான் அடுத்தது அடிச்சது தவறிச்சு, அதே டீம் பாஷ் சாடி தவறி வந்த பந்த எடுத்து குடுக்க, மொட்டத்தலை ரே ஆலன் கீழ குனிஞ்சு மூணு பாயிண்ட் கோட்ட பாக்கவே இல்ல, பின்னாலயே ஓடி கார்னருக்கு போயி அடிச்சாரு பாருங்க, 95-95, பாக்கி 5.2 செகண்டு. தரையில படுத்து கெடந்து, சாடி எந்திரிச்சு, பின்னால ஓடி பந்த பிடிச்சு அடிக்கது அவரு வருஷக்கணக்கா பிராக்டீஸ் பண்ணினதாம், அதனால அத லக்குன்னு சொல்லுறவன்கிட்ட நான் பேசமாட்டேன். ஆனா அந்த நேரத்துல ரீபவுண்ட் எடுக்க டங்கன பெஞ்சுல இருத்தினதுக்கு ஸ்பர்ஸ் கோச் பாப்பவிச்சுக்கு மன்னிப்பே இல்ல. ஓவர்டைம்ல 103-100ன்னு மியாமி ஜெயிச்சு.

பால் முழுக்க மழையோட போச்சு. அப்பா ராத்திரி வர மிண்டல்ல. சோறு தின்னும்போ மட்டும் "அந்த மொட்டையன் பொறவு என்ன செய்தான்"னு கேட்டாரு. மனுஷன் சன்னல் வழியா பாத்திருக்காரு!

~

அண்ணா, நான் தக்கலை. எனக்கு 2016 சித்திர விஷு, ஏப்ரல் 14. லேக்கர்ஸ் டீம் கோபி பிரையன்ட்டுக்க கடைசி மேட்ச், யூட்டா ஜாஸ் டீம் கூட. கனி கண்டு கைநீட்டம் வாங்கின கையோட எட்டு மணிக்கு அண்ணனுக்க லேப்டாப் முன்னால இருந்தாச்சு. முதல் அஞ்சு ஷாட்டும் போச்சு, எனக்கு அழுகையே வந்துட்டு. பொறவு விழ தொடங்கினது நிக்கவே இல்ல, கடைசி குவார்ட்டர்ல மட்டும் 23, மொத்தம் 60, லேக்கர்ஸ் 101-96. அதே நேரம் இன்னொரு பக்கம் வாரியர்ஸ் டீம் ஒரே சீசன்ல 73-வது ஜெயிப்புன்னு சாதனைக்கு ஆடிட்டு இருக்கு, அத யாரு பாத்தா? நான் கெடந்து சாடுறத பாத்துட்டு ஆச்சி எத்தன தடவ எறிஞ்சான்னு கேட்டா. அம்பதுன்னேன். "அம்பது எறிஞ்சா விழத்தானே மக்ளே செய்யும்"னு சொல்லிட்டு பாயசத்துக்கு தேங்கா துருவ போயிட்டா. இத ஆச்சி சொன்னதுனால விட்டேன், வேற யாராவது சொல்லியிருந்தா வீடு ரெண்டாயிருக்கும்.

~

நீங்கல்லாம் வீட்டுல இருந்து பாத்தீங்க, நான் நேர்லயே போனேன் கேட்டீங்களா. 2019 அக்டோபர், மும்பைல பேசர்ஸும் கிங்ஸும்னு ரெண்டு NBA டீமு ஆட வந்தப்போ. நாகர்கோவில்ல இருந்து ஒண்ணர நாளு ரயிலு. முதல் நாளு மேட்ச் ஓவர்டைம் வர போயி 132-131, அத ஸ்கூல் பிள்ளைங்களுக்குன்னு வச்சிருந்தாங்க. எனக்கு கெடச்சது ரெண்டாம் நாளு, 130-106. பாதியிலயே தெரிஞ்சுபோச்சு யாரு ஜெயிப்பான்னு. இருந்தாலும் கடைசி விசில் வர எந்திரிக்கல்ல, ஒண்ணர நாளு ரயில்ல திரும்பி வரணுமில்லியா.