ஸ்காட்லாந்து கோல்ஃப் பயணம்: பழைய மாளிகை ஹோட்டலில் தங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை

மணல்மேடு:
வணக்கம் நண்பர்களே. மே கடைசியில் நாலு பேர் கிழக்கு லோதியன் போகிறோம். மூணு பேர் ஆடுவோம். நாலாவது ஆள் ஆடமாட்டார், சைவம். கல்லன் ஊர்ப்பக்கம் பழைய மாளிகை ஹோட்டல் ஒன்றில், காலை உணவும் இரவு விருந்தும் சேர்ந்த கட்டணத்தில் அறை பார்த்து வைத்திருக்கிறோம். டீ டைம் (மைதானத்தில் ஆட்டம் தொடங்கப் பதியும் நேரம்) எதையும் இன்னும் பதியவில்லை. மியூர்ஃபீல்ட், நார்த் பெரிக், முடிந்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் ஆகிய மைதானங்களில் ஆட ஆசை. முதலில் எதை உறுதி செய்வது? மழையில் நனைந்து வந்தால் துணி, ஷூவை எங்கே காய வைப்பது? கோட், டை அவசியமா?

கடற்காற்று:
டீ டைம் பதியும் முன் ஹோட்டலுக்கு ஒரு போன் போட்டு இரண்டு நேரங்களைக் கேளுங்கள்: காலை உணவு எத்தனை மணிக்குத் தொடங்கும், இரவு கடைசியாக எத்தனை மணிக்கு ஆர்டர் எடுப்பார்கள். இத்தகைய வீடுகளில் சமையலறை சிறியது, ஆட்கள் குறைவு. பெரிய ரிசார்ட் மாதிரி பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தால் சாப்பாடு கிடைக்காது.

இரவு விருந்துக்கு ஒரு முறை உண்டு. ஏழு மணி சுமாருக்கு வரவேற்பறையில் கூடுவார்கள். குடிக்க ஏதாவது வரும், கூடவே மெனு அட்டை. அங்கேயே உட்கார்ந்து ஆர்டர் சொல்லிவிட வேண்டும். முதல் பதார்த்தம் தயாரானதும் மேசைக்கு அழைப்பார்கள். காபிக்குத் திரும்பவும் வரவேற்பறை. மொத்தம் இரண்டரை மணி நேரம் ஆகிவிடும்.

இப்போது பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். லிங்க்ஸ் எனப்படும் கடலோர மணல்வெளி மைதானத்தில் 18 குழி ஆட நாலு முதல் நாலரை மணி நேரம். பிற்பகல் 2 மணிக்கு ஆரம்பித்தால் ஆறரைக்கு முடியும். ஷூ கழற்றி, வண்டியில் வந்து, குளித்துக் கிளம்புவதற்குள் எட்டு தாண்டிவிடும். அதனால் மதிய ஆட்டம் என்றால் 12.30க்குப் பிந்திய டீ டைம் வேண்டாம். காலையில், எட்டு மணிக்குத்தான் உணவு என்றால் 9.30க்கு முன் பதியாதீர்கள். அதைவிடச் சீக்கிரம் ஆட வேண்டியிருந்தால் முந்தைய நாள் மாலையே சொல்லி வையுங்கள், பெரும்பாலும் பொட்டலம் கட்டித் தருவார்கள்.

மே கடைசியில் அங்கே ஒன்பதரை மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். விருந்து சேர்ந்த கட்டணம் கட்டினால் அந்த வெளிச்சத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்பதே என் கருத்து. எல்லா இரவுக்கும் விருந்து எடுக்காமல், ஒன்றிரண்டு இரவை வெறும் காலை உணவோடு வைத்துக்கொண்டால் சாயங்கால ஆட்டத்துக்கு இடம் கிடைக்கும்.

வண்டி ஓட்டுபவருக்கு ஒரு எச்சரிக்கை: 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் வண்டி ஓட்ட அனுமதித்த அளவு 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான். இங்கிலாந்தின் 80ஐ மனதில் வைத்துக்கொண்டு குடித்தால் மாட்டுவீர்கள். இரவு நேரம் கழித்துக் குடித்த விஸ்கி மறுநாள் காலை டீ டைமுக்கு ஓட்டும்போதும் ரத்தத்தில் இருக்கலாம்.

உலர்ந்தகையுறை:
ஈரத் துணி விஷயம் நான் சொல்றேன். "ஈரத்துணி உலர்த்த தனி அறை இருக்கா, ராத்திரி முழுக்க சூடா இருக்குமா"ன்னு ரெண்டு கேள்வியா கேளுங்க. அறை இருக்கும், ஆனா மே மாசம்னு ஹீட்டரை அணைச்சு வச்சிருப்பாங்க. அப்ப காலையிலயும் ஈரம் அப்படியே இருக்கும்.

ஷூவை ரேடியேட்டர் மேல மட்டும் வைக்காதீங்க. தோல் வெடிக்கும், பசை இளகி அடித்தட்டு பிரிஞ்சு வரும். உள்தட்டை வெளிய எடுத்துடுங்க, செய்தித்தாளைக் கசக்கி உள்ள அடைங்க, ஒரு மணி நேரத்துல அது ஈரத்தைக் குடிச்சுடும். தூக்கிப் போட்டுட்டு புதுத்தாள் வைங்க. ரெண்டாவது தடவை வைக்காம விடுறதாலதான் காலையில முன்பக்கம் நசநசன்னு இருக்கும். ஆளுக்கு ரெண்டு ஜோடி ஷூ, நாலு கையுறையாவது வேணும்.

கோல்ஃப் பையை ராத்திரி கார் டிக்கியிலேயே விட்டா கிளப்போட (அடிக்கிற மட்டை) பிடியெல்லாம் ஈரமாவே இருக்கும், மறுநாள் முதல் அடியிலேயே கை வழுக்கும். மேலுறையைக் கழட்டி, துடைச்சு, உள்ள கொண்டு வந்து நிறுத்துங்க. எலெக்ட்ரிக் டிராலி இருந்தா பேட்டரியை எங்க சார்ஜ் போடலாம்னு வரவேற்புல கேட்டுக்கோங்க. பழைய அறைகள்ல சுவர் பிளக் கம்மி. குளியலறையில ஷேவருக்கான பிளக் மட்டும்தான் இருக்கும்.

ரெடான்15:
வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் மியூர்ஃபீல்ட். வெளியாட்களை செவ்வாய், வியாழன் மட்டும்தான் விடுகிறார்கள். அந்த நாள் கிடைத்த பிறகே அறைத் தேதியை முடிவு செய்யுங்கள். அங்கே மதிய உணவுக் கூடத்துக்கு கோட், டை கட்டாயம். காலையில் ஆளுக்கொரு பந்தாக நாலு பேர் ஆட்டம், மதியம் சாப்பாடு, பிறகு இரண்டு பேருக்கு ஒரு பந்தாக மாற்றி மாற்றி அடிக்கும் ஃபோர்சம்ஸ், இதுதான் அந்த இடத்தின் வழக்கம். நீங்கள் மூன்று பேர்தான் ஆடுகிறீர்கள் என்பதால், உங்களுக்கு எப்படி என்று பதியும்போதே கேளுங்கள். அன்று ஹோட்டல் விருந்தை வைத்துக்கொள்ளாதீர்கள், வயிறும் தாங்காது, நேரமும் தாங்காது. ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் எண்) சான்றிதழை அச்செடுத்து வையுங்கள்.

ஓல்ட் கோர்ஸில் டீ டைம் தரும் குலுக்கலில் சேர்வதென்றால் ஆட்ட நாளுக்கு இரண்டு நாள் முன்பு பெயர் கொடுக்க வேண்டும், குறைந்தது இரண்டு பேர். ஞாயிறு பொதுவாக ஆட்டம் கிடையாது. கல்லனிலிருந்து எடின்பரோவைச் சுற்றிப் போக ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. காலைக் குலுக்கல் விழுந்தால் உங்கள் காலை உணவு போயிற்று. ஓல்ட் கோர்ஸ் உண்மையாகவே வேண்டுமென்றால் கடைசி இரண்டு இரவை செயின்ட் ஆண்ட்ரூஸ் இருக்கும் ஃபைஃப் பக்கம் மாற்றுங்கள்.

நார்த் பெரிக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். 13ஆவது குழியில் கிரீனுக்கு முன்னால் கல் சுவர் ஓடுகிறது. 15ஆவதுதான் உலகம் முழுக்க நகலெடுக்கப்பட்ட ரெடான் என்ற குழி வடிவம். கேடீ (பையைத் தூக்கிக்கொண்டு வழிகாட்டுபவர்) வைத்துக்கொண்டால் பணத்தை ஆட்டம் முடிந்ததும் அவர் கையிலேயே ரொக்கமாகக் கொடுக்க வேண்டும்.

மணல்மேடு:
ரொம்ப நன்றி. மியூர்ஃபீல்டிலிருந்தே தொடங்குகிறோம். அறை எடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்? எங்களில் ஒருவருக்கு முழங்கால் வலி.

கடற்காற்று:
லிஃப்ட் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருந்தால் உள்ளே மாற்றம் செய்ய அனுமதி வாங்க வேண்டும். தரைத்தள அறையா, பிரதான வீட்டிலா, பழைய குதிரைலாயத்தைப் புதுப்பித்த பகுதியிலா என்று கேளுங்கள். இணையப் படத்தில் பார்ப்பது பெரும்பாலும் பிரதான வீடு. ஒவ்வோர் அறையும் ஒவ்வோர் அளவு, எனவே அறையின் பெயரைச் சொல்லிப் பதியுங்கள். நண்பர்கள் பகிர்வதாக இருந்தால் "ட்வின்" (இரண்டு தனிக் கட்டில்) என்று எழுத்தில் வாங்குங்கள். "டபுள்" என்றால் இருவருக்கும் சேர்த்து 135 செ.மீ. அகலக் கட்டில்.

அந்த வார இறுதியில் கல்யாணம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இந்த வீடுகளுக்கு அது பெரிய வருமானம், நள்ளிரவு வரை பாட்டு கேட்கும்.

கட்டடத்துக்காகவே ஒரு இடம் பார்க்க வேண்டுமானால் மியூர்ஃபீல்டின் விளிம்பிலேயே கிரேவால்ஸ் என்ற மாளிகை ஹோட்டல் இருக்கிறது. 1901இல் எட்வின் லட்யென்ஸ் வடிவமைத்தது, புதுதில்லியை வடிவமைத்த அதே லட்யென்ஸ்.

பச்சைப்பட்டாணி:
சைவ நண்பருக்காக: பதியும்போதே எழுதிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் காளான் ரிசோட்டோ (குழைந்த இத்தாலியச் சோறு) தினமும் வரும். சூப் காய்கறி வேகவைத்த நீரிலா, கோழி எலும்புச் சாற்றிலா என்று கேளுங்கள். பாலாடைக்கட்டி பலவற்றில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் என்ற உறைபொருள் சேர்ந்திருக்கும். காலையில் பிளாக் புடிங் ரத்தத்தில் செய்வது, அதைத் தள்ளிவிடலாம். உருளைக்கிழங்கு ஸ்கோன் சாப்பிடலாம், ஆனால் அதே கல்லில் பேக்கன் (பன்றி இறைச்சி) வாட்டியிருப்பார்கள், தனியாகச் செய்யச் சொல்லுங்கள். ஆட்டின் உள்ளுறுப்புகளில் செய்யும் ஸ்காட்லாந்து உணவான ஹேகிஸின் சைவ வடிவம் பல இடத்தில் கிடைக்கிறது, ஓட்ஸும் பருப்பும் மிளகும் சேர்ந்து நன்றாகவே இருக்கும்.

மற்றவர்கள் ஆடும் நேரத்தில் அவருக்கு 124ஆம் எண் பஸ் போதும்: கல்லன், டர்ல்டன் கோட்டை, நார்த் பெரிக் எல்லாம் ஒரே வழி.