எலாஸ்டிக்சர்ச் ஸ்டார்ட் ஆன கையோடு நின்றுவிடுகிறது, கையில் எஸ்எஸ்எச் மட்டும்தான்

வால்நட்சத்திரம்:
வாடகை விபிஎஸ் (விர்ச்சுவல் சர்வர்) ஒன்றில் எலாஸ்டிக்சர்ச் 7.17 என்ற தேடல் மென்பொருளைப் போட்டிருக்கிறேன். 4 ஜிபி ரேம், அதில் எலாஸ்டிக்சர்ச்சுக்கு ஒதுக்கிய மெமரி, அதாவது ஹீப், 1 ஜிபி. மெஷின் எந்த ஊரில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. தொலைவிலிருந்து கட்டளை கொடுக்க எஸ்எஸ்எச் இருக்கிறது, கண்ட்ரோல் பேனலில் ரீபூட் பட்டன் இருக்கிறது, அவ்வளவுதான். நேற்றுவரை ஒழுங்காக ஓடியது. லேப்டாப்பில் இருக்கும் கிபானாவிலிருந்து (எலாஸ்டிக்சர்ச் டேட்டாவைத் திரையில் காட்டும் மென்பொருள்) பார்க்கலாம் என்று கான்ஃபிக் ஃபைலில் நெட்வொர்க்.ஹோஸ்டை 0.0.0.0 என்று, அதாவது வெளியிலிருந்தும் இணையலாம் என்று மாற்றினேன், கூடவே கிளஸ்டருக்கு ஒரு பெயரும் வைத்தேன். அதிலிருந்து ஸ்டார்ட் கொடுத்தால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஃபெயில்டு என்கிறது. எலாஸ்டிக்சர்ச்.லாக் ஃபைலில் கடைசி வரி நேற்றையது, புதிதாக ஓர் எழுத்துகூட விழவில்லை. பேனலில் மட்டும் பச்சை விளக்கு ஜோராக எரிகிறது. லாக்கே இல்லாமல் எங்கிருந்து தேடுவது?

மழைக்காகிதம்:
மெமரியாக இருக்கும். எனக்கு இப்படி நின்றபோதெல்லாம் ஓஓஎம் கில்லர்தான் காரணம், மெமரி தீர்ந்தால் லினக்ஸ் கெர்னல் புரோகிராமைக் கொன்றுவிடும். ஹீப்பை 512 எம்பிக்குக் குறைத்துப் பாருங்கள்.

பழைய_அட்மின்:
ஹீப்பில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். முதலில் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்ற கட்டளை கொடுத்துப் பாருங்கள், அதில் எக்ஸிட் ஸ்டேட்டஸ் என்று ஓர் எண் இருக்கும். கெர்னல் கொன்றிருந்தால் சிக்னல் 9, அதாவது கில் என்று வரும். டாக்கரில் ஓட்டுகிறவர்கள் அதையே 137 என்று பார்ப்பார்கள். 78 என்று இருந்தால் கதையே வேறு: யாரும் கொல்லவில்லை, கான்ஃபிக் பிடிக்காமல் எலாஸ்டிக்சர்ச் தானே வெளியேறியிருக்கிறது.

அப்புறம், லாக் இல்லாமல் இல்லை. லாக் ஃபைலின் பெயர் கிளஸ்டர் பெயரிலிருந்துதான் வருகிறது. நீங்கள் பெயரை மாற்றியதும் அது புது ஃபைலில் எழுதத் தொடங்கிவிட்டது, நீங்கள் பழைய ஃபைலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதே டைரக்டரியில் சூடோ போட்டு எல்எஸ் கொடுங்கள், உங்கள் கிளஸ்டர் பெயரிலேயே ஒன்று கிடக்கும்.

பச்சை விளக்கை நம்பாதீர்கள். மெஷினுக்கு உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். உள்ளே எந்த சர்வீஸ் ஓடுகிறது, எது விழுந்தது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

வால்நட்சத்திரம்:
78தான்! புது ஃபைலும் கிடைத்தது. பூட்ஸ்ட்ராப் செக், அதாவது தொடக்கச் சோதனை, ஃபெயிலியர் இரண்டு. ஒன்று, விஎம்.மேக்ஸ்_மேப்_கவுண்ட் (ஒரு புரோகிராம் வைத்துக்கொள்ளக்கூடிய மெமரி மேப்புகளின் உச்சவரம்பு) 65530 போதாது, குறைந்தது 262144 வேண்டும் என்கிறது. இன்னொன்று, கிளஸ்டரின் மற்ற சர்வர்களைக் கண்டுபிடிக்கும் டிஸ்கவரி செட்டிங்ஸ் எதுவும் கொடுக்கவில்லை என்று. முதலாவதை சிஸ்சிடிஎல் (கெர்னல் செட்டிங்கை மாற்றும் கட்டளை) மூலம் ஏற்றலாம் என்று பார்த்தால், ரூட்டாக இருந்தும் பெர்மிஷன் டினைடு வருகிறது. ரூட்டுக்கே பெர்மிஷன் இல்லையா?

பழைய_அட்மின்:
சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது, கொடுத்துப் பாருங்கள். ஓபன்விஇசட் அல்லது எல்எக்ஸ்சி என்று வந்தால் நீங்கள் எடுத்திருப்பது கன்டெய்னர். அதில் கெர்னல் உங்களுடையது இல்லை, ஹோஸ்ட் மெஷினுடையது, பக்கத்து வாடகைக்காரர்களும் அதையேதான் பகிர்கிறார்கள். அந்த எண் கெர்னல் முழுவதற்கும் பொதுவானது, உள்ளேயிருந்து எந்த ரூட்டாலும் மாற்ற முடியாது. வழங்குநருக்கு டிக்கெட் போட்டால் அவர்கள் ஹோஸ்டில் ஏற்றித் தரலாம், தராமலும் போகலாம். தரவில்லை என்றால் நோட்.ஸ்டோர்.அலோ_எம்மேப் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் அந்தச் சோதனையே நடக்காது. இண்டெக்ஸ் ஃபைல்களை எம்மேப் (ஃபைலை மெமரியோடு இணைத்துப் படிக்கும் முறை) இல்லாமல் படிக்கும், தேடல் கொஞ்சம் மந்தமாகலாம்.

ஆனால் என்னைக் கேட்டால் இது எதுவுமே உங்களுக்குத் தேவையில்லை. நேற்றுவரை அதே 65530தானே இருந்தது, எப்படி ஓடியது? எலாஸ்டிக்சர்ச் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் டிரான்ஸ்போர்ட் போர்ட், அதாவது 9300, லோக்கல்ஹோஸ்டில் (அந்த மெஷினுக்குள்) மட்டும் இருந்தால் இந்தக் குறைகளை வார்னிங்காக எழுதிவிட்டு ஓடும். வெளியே கேட்கத் தொடங்கிய நொடியில் இது புரொடக்‌ஷன் என்று முடிவுகட்டி, அதே வார்னிங்கை எரராக்கி நின்றுவிடும். நெட்வொர்க்.ஹோஸ்டை மாற்றினால் கிபானா பேசும் 9200, இந்த 9300 இரண்டும் சேர்ந்தே திறக்கும். உங்கள் இரண்டு எரருக்கும் வேர் அந்த ஒரு வரிதான்.

அதோடு 7.17இல் நீங்களாக செக்யூரிட்டியை ஆன் செய்யாதவரை பாஸ்வேர்டு கிடையாது. இது நின்றுபோனது உங்கள் நல்லகாலம். ஓடியிருந்தால் ஐபி தெரிந்த எவரும் உங்கள் இண்டெக்ஸைப் படிக்கலாம், அழிக்கவும் செய்யலாம்.

அந்த வரியை எடுத்துவிடுங்கள். லேப்டாப்பில் எஸ்எஸ்எச் கொடுக்கும்போது பெரிய எல் ஆப்ஷன் சேர்த்து 9200:லோக்கல்ஹோஸ்ட்:9200 என்று போடுங்கள். கிபானா வழக்கமாக லோக்கல்ஹோஸ்ட் 9200ஐத்தான் தேடும், இந்த எஸ்எஸ்எச் இணைப்பு, அதாவது டனல், வழியாக அது உங்கள் சர்வருக்கே போய்ச் சேரும். கிபானா பக்கம் எதையும் மாற்ற வேண்டாம்.

மழைக்காகிதம்:
78 விஷயம் எனக்கும் புதுசு. குறித்துக்கொண்டேன்.

வால்நட்சத்திரம்:
எல்எக்ஸ்சி என்றுதான் வந்தது. வரியை எடுத்தேன், உடனே எழுந்துவிட்டது. வார்னிங்கில் அதே 65530 இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். டனலில் கிபானாவும் வருகிறது. ஒரே தொல்லை, கொஞ்ச நேரம் சும்மா விட்டால் டனல் அறுந்துவிடுகிறது.

பழைய_அட்மின்:
லேப்டாப்பின் எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் சர்வர்அலைவ்இன்டர்வல் 60 என்று சேருங்கள். சும்மா இருக்கும்போதும் நிமிடத்துக்கொருமுறை சர்வரைத் தட்டிப் பார்க்கும். அதற்கும் அறுந்தால் ஆட்டோஎஸ்எஸ்எச் போட்டுக்கொள்ளுங்கள், தானாகவே மறுபடி இணைந்துகொள்ளும்.