புதுப்பிப்பு: இந்த முறை 9 குஞ்சு

அடைவைத்த 13 கோழி முட்டையில் 3 மட்டும் பொரித்தது ஏன் என்று இரண்டு மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன். மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கத்து மூத்தவர்கள் நிறையப் பேர் பதில் தந்தீர்கள். கொக்கட்டிச்சோலை ஐயா ஒருவரின் முதல் கேள்வியே பிழையைக் காட்டிவிட்டது: "தம்பி, முட்டை எத்தனை நாள் பழசு?" மூன்று கிழமையாகச் சேர்த்தவை.

இம்முறை ஒரு கிழமைக்குள் இட்ட 11 முட்டை. பழைய கடகத்தில் சாம்பல் தூவி, வைக்கோல் பரப்பி, பொழுதுபட்ட பிறகு கோழியை இருத்தினேன். சாம்பல் பேனுக்காக, பேன் கடித்தால் கோழி எழும்பிவிடும் என்று எங்கள் பெத்தாவும் (பாட்டி) சொல்லுவா. ஏழாம் நாள் இரவு டோச் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்பதில் சிவப்பு நரம்புகள் சிலந்தி வலை மாதிரி ஓடின, நடுவில் ஒரு கரும்புள்ளி அசைந்தது. வெறுமையாகத் தெரிந்த இரண்டையும் எடுத்துவிட்டேன்.

21ஆம் நாள் விடிய எட்டுக் குஞ்சு. ஒன்று ஓட்டை உடைக்க மாட்டாமல் கிடந்தது. உரித்துவிடக் கை துடித்தது. "தொடவேண்டாம்" என்று நீங்கள் எழுதியது நினைவு வந்தது. மத்தியானம் தானாகவே வந்துவிட்டது!

இப்போது குறுணல் கொத்துகின்றன. இனிக் குஞ்சு தூக்கும் பிராந்துக்குத்தான் (பருந்து) பயம். முற்றத்துக்கு மேலே பழைய மீன்வலை கட்டியவர்கள் இருந்தால், எந்த உயரம் சரி என்று சொல்லுங்கள்.