38 வயதில் விமானி உரிமத்துக்குப் படிக்கலாமா?

சிப்புட் பாய்லர்காரர்
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் பாய்லர் பிரிவில் வேலை. வயது 38. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) பாடங்களில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றிலும் கிரெடிட். வணிக விமானி உரிமம் எடுத்து விமான நிறுவனத்தில் சேர முடிவு செய்திருக்கிறேன். கண்ணாடி போடுகிறேன், லேசாகச் சர்க்கரை, மாத்திரை மட்டும்தான். ஒரு பயிற்சிப் பள்ளி இந்த மாதமே முன்பணம் கட்டினால் கட்டணத்தில் கழிவு என்கிறது. கட்டலாமா?

ஓடுபாதை 04
இப்போது கட்டாதீர்கள் தம்பி. முதலில் வணிக விமானிக்குத் தேவையான முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ். அதை சிஏஏஎம் (மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்) அங்கீகரித்த விமான மருத்துவரிடம்தான் எடுக்க வேண்டும். டவுன் கிளினிக் கடிதம் செல்லாது.

கண்ணாடி தடையே இல்லை. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணுக்கும் 6/9 (சாதாரணக் கண் 9 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது), இரண்டும் சேர்ந்து 6/6 இருந்தால் போதும். நாற்பதை நெருங்குகிறவர்களுக்குச் சிக்கல் அருகில் இருப்பதைப் படிப்பதில். 30-50 செ.மீ. தூரத்தில் என்5 அளவுச் சிறிய எழுத்து, 100 செ.மீ. தூரத்தில் என்14 அளவுப் பெரிய எழுத்து, இரண்டும் படிக்க வர வேண்டும். ஒன்று மடியில் இருக்கும் வரைபடத்துக்கு, மற்றது கருவிப் பலகைக்கு. வெறும் வாசிப்புக் கண்ணாடி போட்டால் நிமிர்ந்து பார்க்கும்போது ஓடுபாதை மங்கும். அதனால் பைஃபோகல் அல்லது புரோகிரசிவ் லென்ஸ் போடுங்கள். மாற்றுக் கண்ணாடி ஒன்றும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவருக்குச் சான்றிதழ் கிடையாது. மாத்திரை என்றால் கட்டுப்பாடு எப்படி என்பதையும் எந்த மாத்திரை என்பதையும் பார்ப்பார்கள். சர்க்கரையைத் திடீரென இறக்கிவிடும் வகைதான் அவர்கள் கவலை. எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) அறிக்கைகளைப் பழையதிலிருந்து எடுத்துப் போங்கள். எதையும் மறைக்க வேண்டாம்.

இரைச்சல் உள்ள உங்கள் வேலைக்கு இன்னொன்றும் உண்டு: காது. 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் இழப்பு 35 டெசிபலையும், 3000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலையும் தாண்டக்கூடாது.

வலது இருக்கை
பயிற்சியைப் பற்றி. சர்வதேச விதிப்படி வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும்; அங்கீகரிக்கப்பட்ட பள்ளியின் முழுப் பயிற்சி என்றால் குறைந்தது 150. அந்தப் பள்ளிப் பயிற்சியில் 70 மணி பொறுப்பு விமானியாக, அதாவது விமானத்துக்கு நீங்களே பொறுப்பேற்று. குறைந்தது 300 கடல் மைல் தூரப் பயணம் ஒன்று, வழியில் வேறு வேறு இரண்டு நிலையங்களில் இறங்கி முழுதாக நின்று கிளம்ப வேண்டும். பகலில் தாராளமாகப் பறக்கலாம் என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் பிற்பகல் இடிமழை பல நாள் வானத்தை மூடிவிடும், காலை நேரத்துக்கு எல்லா மாணவரும் போட்டி போடுவார்கள். இரண்டு பறப்புக்கு இடையில் பத்து நாள் விழுந்தால், வயது கூடியவருக்குக் கை மறந்துவிடும். ஆகவே பள்ளியிடம் கழிவைக் கேட்காமல், பறக்கும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை பயிற்றுநர், எத்தனை மாணவர் என்று கேளுங்கள்.

பாய்லர்காரருக்கு எளிதில் புரியக்கூடியது ஒன்று. கார்பரேட்டர் (எரிபொருளையும் காற்றையும் கலக்கும் பகுதி) உள்ள பழைய செஸ்னா 172 சிறிய பயிற்சி விமானத்தில், ஈரக்காற்று உள்ள 25 டிகிரி காலையிலும் உள்ளே பனி கட்டும். எரிபொருள் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகிறது, திராட்டில் (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு) தகட்டருகே அழுத்தமும் விழுகிறது. உள்ளே வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். குறைந்த திராட்டிலில் இறங்கும்போது இது கூடுதல். திராட்டிலைத் தொடாமலே ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) மெல்ல இறங்கினால் அதுதான் அறிகுறி. சூடான காற்றை உள்ளே விடும் கார்பரேட்டர் ஹீட் பிடியை முழுதாக இழுக்க வேண்டும். இழுத்ததும் ஆர்பிஎம் இன்னும் விழுந்து எஞ்சின் இருமும், ஏனென்றால் உருகிய நீர் உள்ளே போகிறது. புதியவர்கள் பயந்து அந்த நேரத்தில் ஹீட்டை மூடிவிடுகிறார்கள். மூடாமல் பொறுங்கள், ஆர்பிஎம் ஏறிவரும்.

ஈப்போ கணக்கு அக்கா
பணம் பற்றி நான் சொல்கிறேன் தம்பி. முழுப் பயிற்சி 3 லட்சம் வெள்ளிக்கும் (ரிங்கிட்) மேலே. அதில் தங்குமிடம், மறுதேர்வுக் கட்டணம், ஏ320 அல்லது ஏடிஆர் 72 போன்ற ஒரு குறிப்பிட்ட பயணிகள் விமான வகையை ஓட்டும் வகைப் பயிற்சி அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். கட்டணத்தை முன்கூட்டி மொத்தமாகக் கட்டாமல், முடித்த கட்டத்துக்கு மட்டும் கட்டும் ஒப்பந்தம் கேளுங்கள். மறுக்கும் பள்ளியை நான் நம்பமாட்டேன். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி வாரியம்) சேமிப்பு 2024 மே முதல் மூன்று கணக்கு. கல்விக்கு எடுப்பது அவற்றில் ஒன்றான செஜாத்தெரா கணக்கிலிருந்து, சந்தாவில் 15 விழுக்காடுதான் அதில் சேர்கிறது. உங்கள் பயிற்சி தகுதி பெறுமா என்று வாரியத்திடமே கேளுங்கள்.

வயதுக் கணக்கும் போடுங்கள். பயணிகளை ஏற்றும் இரு விமானி விமானத்தில் 65 வரைதான் பறக்கலாம். 40இல் சேர்ந்தால் 25 வருடம். விமான நிறுவனமே ஆள் எடுத்துப் பயிற்சிக்கு அனுப்பும் கேடட் திட்டங்களுக்கு வயது வரம்பு உண்டு, அதனால் உங்கள் வழி சொந்தச் செலவு. உரிமம் வாங்கியும் வேலை தாமதமானால் கருவிப் பறப்புத் தகுதி (வெளியே தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) 12 மாதத்தில் காலாவதி. புதுப்பிக்க மறுபடி பணம். பலர் பயிற்றுநர் தகுதி எடுத்து மணி நேரம் சேர்க்கிறார்கள், உங்கள் வயதில் அது நல்ல வழி. பாய்லர் தகுதிச் சான்றிதழையும் விட்டுவிடாதீர்கள்.

சிப்புட் பாய்லர்காரர்
நன்றி அண்ணே, அக்கா. ஆலையில் எடுத்த காது சோதனையில் 4000 ஹெர்ட்ஸில் 45 டெசிபல். அதனால் தோற்றுவிடுவேனா?

ஓடுபாதை 04
4000 அந்த வரம்பில் இல்லை, 3000 எவ்வளவு என்று பாருங்கள். ஆனால் இரைச்சலால் வரும் சேதம் 4000இல் தொடங்கி 3000 பக்கம் பரவும், இன்றிலிருந்தே இரண்டு காதுக்கும் அடைப்பான் போடுங்கள். விமான மருத்துவரிடம் போகும் முன் 16 மணி நேரமாவது ஆலைச் சத்தம் படக்கூடாது. இரவு ஷிப்ட் முடித்து நேராகப் போனால் காது தற்காலிகமாக மந்தமாகி, இல்லாத இழப்பும் தாளில் ஏறிவிடும்.