வெள்ளிக்கிழமை இதயப் பாடம்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

செவ்வாய், இரவு 8.10

சித்தி: எல்லோருக்கும் வணக்கம். வருகிற வெள்ளிக்கிழமை நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்து, இதய நலம் பற்றி ஒரு மணி நேரம் பாடம் நடத்தும்படி தலைமை ஆசிரியை என்னிடம் சொல்லியிருக்கிறார். உலக இதய நாளான செப்டம்பர் 29 காலாண்டு விடுமுறைக்குள் வந்துவிடுவதால் முன்கூட்டியே நடத்துகிறோம். மொத்தம் 41 பிள்ளைகள். பள்ளி அலமாரியில் இருக்கும் படத்தாளில் ஒரு பக்கம் ஆப்பிளும் பாதாமும், மறுபக்கம் பீட்சாவும் பர்கரும் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளில் பலர் இந்த இரண்டு பக்கத்தையுமே வாங்கித் தின்பவர்கள் அல்லர். ஆகையால் வேறு விதமாக நடத்த விரும்புகிறேன். உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள்.

தாத்தா: நல்ல காரியம், அம்மா. இந்தக் குழுவில் அரைகுறை வாக்கியங்களும் சிரிப்புப் பொம்மைகளும் வேண்டாம் என்று நான் சொன்னதை நீயாவது மதிக்கிறாய். பாடத்தை நோயிலிருந்து தொடங்காதே. எனக்கு மாரடைப்பு வந்தபோது ஆஸ்பத்திரியில் பார்த்த அடைபட்ட குழாய்ப் படத்தை ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் காட்டினால், அன்றிரவு அது தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கும். இதயம் எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

அண்ணி: தாத்தா சொல்வது சரி. என் மகனுக்கு மூன்றாம் வகுப்பில் இதே பாடம் நடத்தினார்கள். அவன் வீட்டுக்கு வந்து, நான் சுட்ட பூரியைத் தள்ளிவைத்துவிட்டு, "அம்மா, நீங்கள் எனக்கு நோய் கொடுக்கிறீர்கள்" என்றான். மளிகைப் பட்டியலை எழுதுபவன் அவனல்லன். வாங்குகிற உரிமை இல்லாதவனிடம் வாங்காதே என்று சொன்னால், அது வீட்டில் பழியாகத்தான் வந்து முடிகிறது.

மாமா: பிள்ளையின் கையில் என்ன இருக்கிறதோ அதைக் கற்றுக்கொடு. நாடி அவன் கையிலேயே இருக்கிறது. மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வைக்கச் சொல். கட்டைவிரலால் பிடிக்கக் கூடாது. அதற்குள்ளேயே துடிப்பு இருப்பதால் யாருடைய நாடியை எண்ணுகிறோம் என்பது குழம்பிவிடும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு நிமிடக் கணக்கு வந்துவிடும். இந்த வயதில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது 70 முதல் 110 வரை இருப்பது இயல்பு. அதன்பின் ஒரு நிமிடம் கயிறு தாண்டச் சொல்லி மறுபடியும் எண்ணச் சொல்.

சித்தி: நான்காம் வாய்ப்பாடும் அதிலேயே சேர்ந்துவிடும், அண்ணா. இதயத்தின் சத்தத்தைக் கேட்பதற்கு ஏதாவது வழி உண்டா? பள்ளியில் ஸ்டெதஸ்கோப் கிடையாது.

மாமா: ஸ்டெதஸ்கோப்பே காகிதச் சுருளில் பிறந்ததுதான். 1816இல் பாரிஸில் ரெனே லென்னெக் என்ற மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் மார்பில் நேரடியாகக் காதை வைக்கத் தயங்கி, காகிதத்தை இறுகச் சுருட்டி வைத்துக் கேட்டார். வெறும் காதைவிடத் தெளிவாகக் கேட்டது. பிள்ளைகளுக்கு ஒரு புனலும், அதன் வாலில் செருகக்கூடிய ஒரு முழம் ரப்பர் குழாயும் போதும். வகுப்பில் பேச்சுச் சத்தம் இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் சிரமம்.

சித்தி: 41 பேர் இருக்கும் வகுப்பில் அதுதான் பெரிய சிரமம்.

அம்மா: என்னிடம் இரண்டு புனல்கள் இருக்கின்றன. சாப்பாட்டுப் பாடத்தை எப்படி நடத்தப்போகிறாய்? அதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்.

சித்தி: அதுதான் எனக்கும் கவலை. எங்கள் பிள்ளைகள் காலையில் பள்ளியில்தான் சாப்பிடுகிறார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளியிலும் நடக்கிறது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்றாக, சாம்பாரோடு தருகிறார்கள். அதற்கு முன்பு பத்தரை மணிக்கெல்லாம் மயங்கிச் சாய்கிற பிள்ளை வகுப்பில் ஒன்றிரண்டு இருக்கும். எடை குறைந்த பிள்ளையும் எடை கூடிய பிள்ளையும் ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கும்போது, குறைத்துச் சாப்பிடுங்கள் என்று நான் எப்படிப் பொதுவாகச் சொல்ல முடியும்?

மாமா: சொல்லவே கூடாது. வகுப்பில் யாரையும் எடை மேடையில் ஏற்றாதே. குண்டு, ஒல்லி என்ற சொற்களே உன் வாயில் வர வேண்டாம். இன்னொன்றையும் கவனி. இதய நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் நாங்கள் சொல்லும் பத்தியத்தை அப்படியே பிள்ளைக்குச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்பாவுக்கு முட்டை மஞ்சள் கருவைக் குறைக்கச் சொன்னோம் என்பதற்காக, சத்துணவில் வரும் முட்டையின் மஞ்சள் கருவைப் பிள்ளை எடுத்து எறிய வேண்டியதில்லை; வளர்கிற உடம்புக்கு அது வேண்டும்.

அம்மா: தட்டைக் காட்டி நடத்தலாமே. சோறு எவ்வளவு, காய் எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று தரையில் சுண்ணக்கட்டியால் பெரிய வட்டம் போட்டு, பிள்ளைகளையே நிறுத்தலாம். தட்டில் பாதி காய்கறியும் பழமுமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். நம் வீட்டுத் தட்டில் சோறு மலையாகவும் பொரியல் மருந்தாகவும் இருப்பதைப் பிள்ளைகளே பார்த்துச் சிரிப்பார்கள். பழம் என்றால் கொய்யா, நெல்லிக்காய், பப்பாளி என்று ஊரில் கிடைப்பதைச் சொல். கீரைக்கு முருங்கை போதும். அது வேலியிலேயே நிற்கிறது.

தாத்தா: உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த விஷயத்தில் நான் காலம் கடந்து படித்தவன்.

மாமா: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு உப்பைக் கணக்காகச் சொல்லலாம். பாக்கெட்டின் பின்புறம் உப்பு என்று போடாமல் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால் உள்ளே 2 கிராம் உப்பு இருக்கிறது. பெரியவர்களுக்கே நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. சர்க்கரைக்கும் இப்படியே செய்யலாம். குளிர்பானத்தில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 11 கிராம் சர்க்கரை இருக்கும். 4 கிராம் ஒரு தேக்கரண்டி என்று வைத்துக்கொண்டால், 200 மில்லி புட்டிக்கு ஐந்தரைக் கரண்டி. அதை அவர்களே ஒரு கண்ணாடி டம்ளரில் அள்ளிப் போட்டுப் பார்க்கட்டும்.

அண்ணி: 2025இல் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில், எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று காட்டும் சர்க்கரைப் பலகை வைக்கச் சொன்னார்கள். என் மகனின் பள்ளியிலும் அழகாக அச்சடித்து மாட்டியிருக்கிறார்கள். ஆனால் விளையாட்டு வகுப்பைக் கணக்கு ஆசிரியர் வாரத்துக்கு இரண்டு முறை எடுத்துக்கொள்கிறார். பலகைக்குக் கீழே உட்கார்ந்து பிள்ளைகள் பின்னம் போடுகிறார்கள்.

தாத்தா: பின்னமும் தேவைதான், ஆனால் மைதானத்தைப் பிடுங்கிக்கொண்டு அல்ல.

மாமா: ஐந்து வயது முதல் பதினேழு வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பு அசைய வேண்டும். அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்பதில்லை. பாண்டி, நொண்டி, கோகோ, பச்சைக்குதிரை எல்லாமே கணக்கில் சேரும். தவறு செய்த பிள்ளைக்குத் தோப்புக்கரணமும் மைதானத்தைச் சுற்றி ஓட்டமும் தண்டனையாகக் கொடுப்பதை மட்டும் உங்கள் பள்ளியில் நிறுத்திவிடுங்கள். தண்டனையாகப் பழகியதைப் பிள்ளை பிறகு விரும்பிச் செய்யாது.

சித்தி: அந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன், அண்ணா. ஒப்புக்கொள்கிறேன்.

மாமா: இன்னொன்றைக் கட்டாயம் சொல்லிக்கொடு, எந்தப் படத்தாளிலும் நான் பார்க்காத செய்தி இது. எங்கள் வார்டுக்கு இருபத்தைந்து, முப்பது வயதில் இதய வால்வு கெட்டுப்போய் வருகிறவர்களைக் கேட்டால், சிலர் சின்ன வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, பிறகு மூட்டு மூட்டாக மாறி மாறி வீங்கியது என்பார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் தொண்டை அழற்சியைக் கவனிக்காமல் விட்டால், இரண்டு மூன்று வாரத்தில் வாதக் காய்ச்சலாக மாறி, வால்வையே பாதிக்கலாம். அது பெரும்பாலும் 5 முதல் 15 வயதில்தான் வருகிறது. எல்லாத் தொண்டை வலியும் இப்படி ஆவதில்லை. பெரும்பாலானவை தாமாகவே சரியாகும். ஆனால் காய்ச்சலோடு விழுங்க முடியாமல் வலித்தால், மிட்டாய் சாப்பிட்டதற்குத் திட்டு விழும் என்று பயந்து மறைக்காமல் வீட்டில் சொல்ல வேண்டும். பிள்ளை தன் இதயத்துக்காகத் தானே செய்யக்கூடிய பெரிய காரியம் அதுதான்.

அம்மா: தம்பி, இதை நீ என்னிடம்கூடச் சொன்னதில்லையே.

வெள்ளி, மாலை 6.40

சித்தி: பாடம் நடந்தது. திட்டமிட்டபடி நடந்தது என்று சொல்ல மாட்டேன். நாடி எண்ணுவதற்கே அரை மணி நேரம் போய்விட்டது. ஒரு பையன் 300 என்று எழுதிக்கொண்டு வந்தான். பக்கத்துப் பிள்ளையை விட்டு எண்ணச் சொன்னபோது 92 வந்தது. "ஒருவர் எண்ணினால் போதாது, டீச்சர்" என்று அவனே சொன்னான். கயிறு தாண்டிய பிறகு பலருக்கும் 120ஐத் தாண்டியது. யாருக்கு அதிகம் என்று போட்டி போடத் தொடங்கிவிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் யாருடைய நாடி பழைய எண்ணுக்குத் திரும்புகிறது என்று பாருங்கள் என்று சொல்லி அந்தப் போட்டியைத் திருப்பிவிட்டேன். ஆஸ்துமா உள்ள பெண்ணை நேரம் பார்க்கும் வேலைக்கு வைத்தேன். கடிகாரம் அவள் கையில் இருந்ததால் எல்லோரும் அவள் சொல்லைக் கேட்டார்கள்.

மாமா: புனல் வேலை செய்ததா?

சித்தி: வேலை செய்தது. வகுப்பு அமைதியாக இருந்த ஒரே நேரம் அதுதான். சத்தம் "லப் டப்" என்று கேட்கவில்லை, "தொம் தொம்" என்றுதான் கேட்கிறது என்று வழக்காடினார்கள். அதைத் தவிர, இதயம் எப்போது ஓய்வெடுக்கும் என்று ஒரு சிறுமி கேட்டாள். ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்வெடுக்கிறது என்றேன். சரிதானே, அண்ணா?

மாமா: சரிதான். மெதுவாகத் துடிக்கும்போது அந்த இடைவெளி நீளும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

சித்தி: சாப்பாட்டுப் பாடத்துக்குத் தட்டு வட்டம் மட்டும்தான் போட முடிந்தது. சர்க்கரை, உப்புக் கணக்கை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். தொண்டை வலியைப் பற்றிச் சொன்னதும் மூன்று பேர் எழுந்து தங்களுக்கு இப்போதே வலிக்கிறது என்றார்கள். இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது பையனுக்கு உடம்பு கொதித்தது. அவன் அம்மாவை வரச்சொல்லி ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.

அண்ணி: இங்கே மதியம் வீடியோ அழைப்பில் சித்தி காட்டியதைப் பார்த்துவிட்டு, என் மகன் தாத்தாவைப் பிடித்துக்கொண்டான். மாடிப்படி ஏறி இறங்கிய பிறகும் தாத்தாவின் நாடி 62இலிருந்து 74க்குத்தான் போயிற்று. தன்னுடையது 130க்கு ஓடியிருக்கும்போது தாத்தாவுக்கு ஏன் ஓடவில்லை, அவர் ஏமாற்றுகிறார் என்று அழுகிறான்.

தாத்தா: நான் ஏமாற்றவில்லை. இதயம் அதிகம் ஓடாமல் பிடித்துவைக்கும் மாத்திரையை நான் தினமும் விழுங்குகிறேன் என்று சொன்னேன். அப்படியானால் எனக்கும் அவனுக்கும் போட்டி செல்லாது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

அம்மா: புனல்கள் இரண்டையும் கழுவி அனுப்பிவிடு. நாளைக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும்.

சித்தி: ஒன்றைத்தான் அனுப்ப முடியும், அக்கா. இன்னொன்றை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தரமாட்டேன் என்கிறார்கள்.