புதுப்பிப்பு: ஒயிட் ரிவர் வனத்தில் கூட்டமில்லாத வேட்டையிடம்

கொலராடோவின் ஒயிட் ரிவர் தேசிய வனத்தில் எல்க் மான் வேட்டைக்கு ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தை எப்படிக் கண்டறிவது என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி, வனத்துறை இலவசமாக வெளியிடும் வாகனப் பாதை வரைபடத்தை நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் உயரக்கோட்டு வரைபடத்தோடு ஒப்பிட்டு, மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லாத பகுதிகளைக் குறித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கூட்டத்தைத் தவிர்க்கச் சாலையிலிருந்து தொலைவாக நடந்தாலே போதும் என்ற கருத்தை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை; நெடும்பாதையின் கோடியிலும் குதிரைகளோடு வந்தவர்களின் கூடாரங்கள் இருந்தன. மாறாக, சாலையோரத்திலிருந்தே செங்குத்தாக இறங்கும் ஒரு வடக்குச் சரிவில், ஊசியிலை மரங்களின் அடர்நிழலில், எல்க் மான்கள் புரண்டு கலங்கிய சேற்றுக்குட்டையும் அதன் விளிம்பில் ஒட்டியிருந்த மயிரும் புதிய குளம்புத் தடங்களும் தென்பட்டன. (மானைச் சுட்டால் அதை அந்த ஏற்றத்தில் சுமந்துவருவது வேறு கதை.) துப்பாக்கியால் வேட்டையாடும் பருவம் தொடங்கும்வரை, மான்கள் கலைந்துவிடாதபடி அங்கே மறுபடி இறங்காமல், எதிர்மேட்டிலிருந்து தொலைநோக்கியால் மட்டும் கவனிக்கப் போகிறேன்.